கோப்புறையே முகவரி: ஸ்வெல்ட்கிட்டில் கோப்புவழி ரூட்டிங், முழுமையான வழிகாட்டி

ஒரு வெப் செயலியைத் தொடங்கும்போது பலரும் முதலில் திறப்பது முகப்புப் பக்கத்தின் கோப்பைத்தான். வண்ணம், மெனு, பட்டன் என்று வேலை ஓடும். நான் முதலில் எழுதச் சொல்வது முகவரிகளை. பட்டனின் நிறத்தை நாளைக்கே மாற்றலாம், யாருக்கும் நட்டமில்லை. முகவரி அப்படியல்ல. யாராவது வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டாலோ, கியூஆர் குறியீடாக அச்சடித்து வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டாலோ அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. கோப்புவழி ரூட்டிங்கில் கோப்புறையின் பெயர்தான் முகவரி. ஆகவே யோசிக்காமல் ஒரு கோப்புறையை உருவாக்குவது, யோசிக்காமல் ஒரு முகவரியை வெளியிடுவதற்குச் சமம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய தளத்தைக் கட்டுவோம். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் நிலையங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் தமிழில் காட்டும் தளம். ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கும், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், மின்தூக்கி எந்த வாசல் பக்கம் இருக்கிறது, வெளியே வந்தால் எந்த நிறுத்தம் என்று தமிழில் படிக்கக் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அதே பக்கங்கள் வேண்டும். எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் ஓரளவு தெரிந்தவர், கணினியில் நோட் ஜேஎஸ் நிறுவியிருப்பவர், இதை அப்படியே பின்தொடரலாம்.

ஒரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கூட்டல் குறி, அடைப்புக்குறி, சாய்கோடு எல்லாம் இங்கே உள்ளபடியே.

கோப்புவழி ரூட்டிங் என்றால் என்ன

பிரவுசரில் ஒரு முகவரி வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்வதுதான் ரூட்டிங். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, எல்லா முகவரிகளையும் ஒரே கோப்பில் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பொனென்ட்டை, அதாவது திரையில் காட்டும் ஒரு துண்டை, கட்டுவது. இன்னொன்று, கோப்புறை அமைப்பையே பட்டியலாகக் கொள்வது. இரண்டாவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பிஎச்பி காலத்திலேயே, சர்வரில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறதோ அதுவே முகவரியாக இருந்தது. நடுவில் சில ஆண்டுகள் பிரவுசர் பக்கத்து ஃபிரேம்வொர்க்குகள் பட்டியல் முறைக்குப் போயின. 2016 அக்டோபரில் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க், பேஜஸ் என்ற கோப்புறை மூலம் பழைய வசதியைத் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது நக்ஸ்ட், ஆஸ்ட்ரோ, ஸ்வெல்ட்கிட் எல்லாம் இதே வழியில்தான் போகின்றன.

வீவக முகவரியில் #08-112 என்று பார்த்ததும் எட்டாவது மாடி என்று புரிந்துவிடுகிறது அல்லவா, அதுபோல முகவரியைப் பார்த்ததும் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். குழுவில் புதிதாகச் சேருபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டிக்கு, ஸ்வெல்ட்டைக் கொண்டு வெப் செயலி கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஸ்வெல்ட்கிட்டை எடுத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. விதிகள் சில மட்டுமே, ஆனால் நமக்கு வேண்டிய அத்தனையும் அவற்றுக்குள் இருக்கின்றன. கற்றபின் நெக்ஸ்ட்டுக்குப் போனாலும் சதுர அடைப்புக்குறியும் வளைவு அடைப்புக்குறியும் ஏறக்குறைய அதே பொருளில்தான் இருக்கும்.

கோப்புறைக்கு முன் காகிதம்

எடிட்டரைத் திறக்காமல், தளத்தில் இருக்கப்போகும் முகவரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். நம் தளத்துக்கு முகப்பு, நிலையப் பட்டியல், ஒரு நிலையத்தின் பக்கம், ஒரு பேருந்து நிறுத்தத்தின் பக்கம், அறிவிப்புப் பலகைக்கு அச்சடிக்கும் பக்கம், இவை போதும். எழுதும்போதே கடினமான கேள்வி வந்து நிற்கும்: ஒரு நிலையத்தை முகவரியில் எப்படி அழைப்பது?

குறியீடுதான் முதலில் நினைவுக்கு வரும். சுருக்கமானது, எல்லாப் பலகையிலும் இருப்பது. ஆனால் ஊட்ரம் பார்க் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்குப் பாதையில் அது இடபிள்யூ16. 2003-இல் வடகிழக்குப் பாதை திறந்தபோது என்இ3 என்றும் ஆனது. 2022 நவம்பரில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதை அங்கே வந்தபோது டிஇ17 என்று மூன்றாவது குறியீடும் சேர்ந்தது. நிலையம் ஒன்று, குறியீடு மூன்று. டோபி காட் நிலையமும் அப்படித்தான்: என்எஸ்24, என்இ6, சிசி1. குறியீட்டை முகவரியாக வைத்தால் ஒரே பக்கத்துக்கு மூன்று முகவரிகள் இருக்கும். தேடுபொறிக்கு அவை மூன்று பக்கங்கள், பகிர்பவருக்கும் குழப்பம். நாளை புதிய பாதை வந்தால் நான்காவதும் சேரும்.

ஆகவே என் முடிவு: நிலையத்தின் பெயரே நிரந்தர முகவரி. குறியீட்டை அடித்து வருபவரைப் பெயர் உள்ள முகவரிக்குத் திருப்பிவிடுவோம். பலகையில் டிஇ17 என்று பார்த்து அதையே அடிப்பவருக்கும் பக்கம் கிடைக்கும், முகவரியும் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி நமக்கே உரியது. அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், பிரவுசரின் முகவரிப் பட்டையில் அழகாகவும் தெரியும். சிக்கல் நகலெடுத்து ஒட்டும்போது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். அதாவது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. பொங்கோல் நிலையத்தின் பெயரில் ப, ொ, ங, புள்ளி, க, ோ, ல, புள்ளி என்று எட்டுக் குறிகள். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அது 72 எழுத்து நீளமுள்ள விழுக்காட்டு வரிசையாக நிற்கக்கூடும். அதைப் பார்க்கும் பெரியவர் ஏதோ மோசடி இணைப்பு என்று தொடாமல் விட்டுவிடுவார். அவர் செய்வது சரியும்கூட.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ொ என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். ோ, ௌ இரண்டுக்கும் இதே நிலைதான். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் பைட்டுகள் வேறு. பொங்கோலை இரண்டாவது விதத்தில் எழுதினால் எட்டுக் குறி பத்தாகிவிடும். ரூட்டர் இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே பார்க்கும், ஒன்று பக்கத்தைக் காட்டும், மற்றது 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழையைத் தரும். தமிழ் எழுத்தில்தான் முகவரி வேண்டும் என்பவர், வரும் சொல்லை ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூறு (ஃபங்ஷன்) மூலம், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். தளத்துக்குள் இருக்கும் தமிழ்த் தேடல் பெட்டிக்கும் இது கட்டாயம். முகவரிக்கு நான் ரோமன் எழுத்தில் சிறிய எழுத்தும் இணைகோடும் கொண்ட பெயரைத்தான் பரிந்துரைப்பேன். பக்கத்தின் உள்ளே தலைப்பு முதல் கடைசி வரி வரை தமிழ் இருக்கட்டும்.

திட்டத்தை உருவாக்குதல்

டெர்மினலில் என்பிஎக்ஸ் எஸ்வி கிரியேட் என்று அடித்து, அடுத்து திட்டத்தின் பெயரைக் கொடுங்கள். கேள்விகள் வரும். மினிமல் வார்ப்புருவைத் தேர்ந்தெடுங்கள், டைப்ஸ்கிரிப்ட் வேண்டும் என்று சொல்லுங்கள். உருவானதும் அந்தக் கோப்புறைக்குள் போய், தொகுப்புகள் இன்னும் இறங்கியிருக்காவிட்டால் என்பிஎம் இன்ஸ்டால், அப்புறம் என்பிஎம் ரன் டெவ். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 5173 திறந்தால் வெற்று முகப்பு தெரியும்.

டைப்ஸ்கிரிப்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கோப்புறைக்கும் எந்தப் பாராமீட்டர்கள் வரும் என்பதை ஸ்வெல்ட்கிட் தானே கண்டுபிடித்து டைப்களை உருவாக்கித் தரும். கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு உள்ளே பழைய பெயரையே பயன்படுத்தினால் எடிட்டர் உடனே சிவப்புக் கோடு போடும்.

கூட்டல் குறியின் விதி

சோர்ஸ் கோப்புறைக்குள் ரூட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். நம் வேலை பெரும்பாலும் அங்கேதான். ரூட்ஸுக்குள் இருக்கும் கோப்புறைகள் முகவரியின் பகுதிகள். அவற்றுக்குள், கூட்டல் குறியில் தொடங்கும் கோப்புகளை மட்டுமே ரூட்டர் கவனிக்கும்:

+பேஜ்.ஸ்வெல்ட் — பக்கம்
+பேஜ்.டிஎஸ் — பக்கத்துக்கு வேண்டிய தரவை ஏற்றுவது, சர்வரிலும் பிரவுசரிலும் ஓடும்
+பேஜ்.சர்வர்.டிஎஸ் — அதே வேலை, சர்வரில் மட்டும்
+லேஅவுட்.ஸ்வெல்ட் — கீழுள்ள பக்கங்களைச் சுற்றி நிற்கும் சட்டகம்
+எரர்.ஸ்வெல்ட் — பிழைப் பக்கம்
+சர்வர்.டிஎஸ் — பக்கமின்றித் தரவு மட்டும் தரும் முனை

கூட்டல் குறி இல்லாத கோப்பு எதுவும் முகவரி ஆகாது. ஆகவே நிலையப் பக்கம் மட்டும் பயன்படுத்தும் வாசல் அட்டை காம்பொனென்ட்டை அந்தப் பக்கத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. ஒன்றாக மாறும் கோப்புகள் ஒன்றாக இருக்கும்.

முகப்புக்கு ரூட்ஸ்/+பேஜ்.ஸ்வெல்ட் ஏற்கனவே இருக்கிறது. அதனருகில் ஸ்டேஷன் என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள்ளும் ஒரு +பேஜ்.ஸ்வெல்ட் போடுங்கள். முகவரியில் /ஸ்டேஷன் அடித்தால் அந்தப் பக்கம் வரும். எந்தப் பட்டியலிலும் எதையும் பதிய வேண்டியதில்லை.

மாறும் பகுதி

நிலையத்துக்கு நிலையம் கோப்புறை போட முடியாது. மாறும் பகுதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். இங்கே ஸ்லக் என்பது முகவரியில் நிலையத்தின் பெயர் நிற்கும் இடம்:

ரூட்ஸ்/ஸ்டேஷன்/[ஸ்லக்]/+பேஜ்.ஸ்வெல்ட்
ரூட்ஸ்/ஸ்டேஷன்/[ஸ்லக்]/+பேஜ்.டிஎஸ்

அடைப்புக்குள் இருக்கும் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் கூடாது, தமிழ் எழுத்தும் ஏற்காது. +பேஜ்.டிஎஸ்ஸில் லோட் என்ற செயற்கூறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதற்கு வரும் பாராம்ஸ் பொருளில் ஸ்லக் இருக்கும். அதைக்கொண்டு நிலையத்தைத் தேடி, கிடைத்தால் திருப்பிக் கொடுங்கள், கிடைக்காவிட்டால் எரர் செயற்கூறை 404 என்ற எண்ணுடன் அழையுங்கள். பக்கத்தில் அது டேட்டா என்ற பிராப்பாக (காம்பொனென்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் மதிப்பாக) வந்து சேரும்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பாராமீட்டர் எப்போதும் எழுத்துச் சரம்தான், எண் அல்ல. சிங்கப்பூரின் பேருந்து நிறுத்தக் குறியீடு ஐந்து இலக்கம், அதில் பல பூஜ்யத்தில் தொடங்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள ஒரு நிறுத்தம் 01012. வசதிக்காக அதை எண்ணாக மாற்றினால் 1012 ஆகிவிடும், நிறுத்தமும் கிடைக்காது. பேருந்துச் சேவை எண்ணும் அப்படியே, 961எம் போல எழுத்து ஒட்டியும் வரும். எண்போல் தோன்றினாலும் இவை பெயர்கள். சரமாகவே வைத்திருங்கள்.

இரண்டாவது, ஊட்ரம் பார்க் பக்கத்திலிருந்து இணைப்பைச் சொடுக்கி டோபி காட் பக்கத்துக்குப் போனால், ஸ்வெல்ட்கிட் காம்பொனென்ட்டைப் புதிதாக உருவாக்காது. பழையதையே வைத்துக்கொண்டு டேட்டாவை மட்டும் மாற்றும். ஆகவே டேட்டாவிலிருந்து வாசல்களை எண்ணி ஒரு சாதாரண மாறியில் போட்டு வைத்திருந்தால், தலைப்பு டோபி காட் என்று மாறியிருக்கும், வாசல் எண்ணிக்கை மட்டும் ஊட்ரம் பார்க்கினுடையதாகவே நிற்கும். 2024 அக்டோபரில் வந்த ஸ்வெல்ட் 5-இல் இதற்கு டாலர் குறியுடன் வரும் டிரைவ்டு இருக்கிறது. டேட்டாவிலிருந்து கணக்கிடும் எதையும் அதற்குள் எழுதுங்கள். முகவரியை நேரடியாக அடித்துச் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படாது. இணைப்பைச் சொடுக்கிச் சோதித்தால்தான் தெரியும்.

மேட்சர்: வாசலிலேயே சரிபார்ப்பு

இப்போது குறியீட்டு முகவரி. ஸ்டேஷன் கோப்புறைக்குள் ஏற்கனவே [ஸ்லக்] இருக்கிறது. அதன் அருகிலேயே குறியீட்டுக்கும் ஒரு மாறும் கோப்புறை வேண்டும். வரும் சொல் பெயரா குறியீடா என்று ரூட்டர் எப்படி அறியும்? அதற்குத்தான் மேட்சர்.

சோர்ஸ் கோப்புறைக்குள், ரூட்ஸுக்கு வெளியே, பாராம்ஸ் என்று ஒரு கோப்புறை போட்டு, அதில் கோட்.டிஎஸ் என்ற கோப்பை உருவாக்குங்கள். மேட்ச் என்ற செயற்கூறு அதிலிருந்து எக்ஸ்போர்ட் ஆக வேண்டும். ஒரு சரத்தை வாங்கிக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்வதே அதன் வேலை. கோப்புறையின் பெயர்:

ரூட்ஸ்/ஸ்டேஷன்/[கோட்=கோட்]/

சமக்குறிக்குப் பின்னால் வருவது மேட்சர் கோப்பின் பெயர். மேட்சர் உள்ள பாராமீட்டருக்கு, இல்லாததைவிட முன்னுரிமை. ஆகவே டிஇ17 வந்தால் முதலில் மேட்சர் பார்க்கும், ஆம் என்றால் குறியீட்டுக் கோப்புறைக்குப் போகும், இல்லாவிட்டால் ஸ்லக்குக்கு வரும். நிலையான பெயருள்ள கோப்புறைக்கு இந்த இரண்டையும்விட முன்னுரிமை.

மேட்சருக்குள் என்ன எழுதுவது? இரண்டு எழுத்து, அப்புறம் ஒன்றோ இரண்டோ எண், இதுதான் குறியீட்டின் அமைப்பு என்று, எழுத்து வரிசையின் அமைப்பைச் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதத் தோன்றும். ஆனால் செங்காங் இலகு ரயில் நிலையத்தின் குறியீடு எஸ்டிசி, பொங்கோலுடையது பிடிசி. மூன்று எழுத்து, எண்ணே இல்லை. அமைப்பைப் பார்க்கும் மேட்சர் இவை இரண்டையும் வெளியே நிறுத்திவிடும். எனவே நிலையங்களுக்கு, குறியீடுகளின் பட்டியலையே வைத்து, சொல்லைச் சிறிய எழுத்தாக்கி, பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

பேருந்து நிறுத்தங்களுக்கு இதற்கு நேர்மாறான முடிவு. மேட்சர் சர்வரிலும் பிரவுசரிலும் ஓடும். ஆயிரக்கணக்கான நிறுத்தங்களின் பட்டியலை ஒவ்வொருவரின் கைப்பேசிக்கும் அனுப்புவது வீண். அங்கே ஐந்து இலக்கம் என்ற அமைப்பே போதும். ஆனால் எக்ஸ்பிரஷனின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் ஆறு இலக்கமுள்ள அஞ்சல் குறியீடும் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் ஆறு இலக்கத்துக்குள் ஐந்து இலக்கம் இருக்கிறது.

குறியீட்டுக் கோப்புறையில் +பேஜ்.சர்வர்.டிஎஸ் போட்டு, லோட் செயற்கூறில் நிலையத்தைத் தேடி, ரீடைரக்ட் செயற்கூறை அழைத்துப் பெயர் முகவரிக்கு அனுப்புங்கள். காட்ட எதுவும் இல்லையென்றாலும் ஒரு வெற்று +பேஜ்.ஸ்வெல்ட்டையும் அங்கே வைக்கிறேன், கோப்புறையைத் திறப்பவருக்கு இதுவும் ஒரு பக்கம்தான் என்று தெரியட்டும். நிரந்தரத் திருப்பலுக்கு எண் 308. சோதிக்கும்வரை 307 என்றே வைத்திருங்கள். 308-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் இலக்கை மாற்றினாலும் அது பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

தமிழ் முதலில்

இருமொழித் தளங்களில் ஆங்கிலம் வேரிலும் தமிழ் ஒரு கிளையிலும் இருப்பதே வழக்கமாகிவிட்டது. தமிழ் வாசகருக்காகக் கட்டும் தளத்தில் அதை மாற்றி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழுக்கு முன்னொட்டே இல்லாத முகவரி, ஆங்கிலத்துக்கு /என் (இங்கிலிஷ் என்ற சொல்லின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து). கோப்புறை ஒன்றுதான், இரட்டைச் சதுர அடைப்புக்குறியில்:

ரூட்ஸ்/[[லாங்=லாங்]]/ஸ்டேஷன்/[ஸ்லக்]/+பேஜ்.ஸ்வெல்ட்

இரட்டை அடைப்பு என்றால் அந்தப் பகுதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். லாங் மேட்சர், என் என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் ஆம் சொல்லட்டும். மேட்சர் இல்லாமல் விட்டால் முகவரியின் முதற்பகுதியில் எந்தச் சொல் வந்தாலும் அது மொழி என்று எடுத்துக்கொள்ளப்படலாம். முன்னொட்டு இல்லாதபோது பாராம்ஸில் லாங் அன்டிஃபைண்டு ஆக இருக்கும். அதைத் தமிழ் என்று கொள்ளுங்கள்.

முகப்பு உட்பட எல்லாப் பக்கங்களையும் இந்தக் கோப்புறைக்குள் நகர்த்த வேண்டும். இணைப்புகளை அங்கங்கே சரங்களை ஒட்டி எழுதினால் ஆங்கிலப் பக்கத்திலிருந்து தமிழுக்குத் தெரியாமல் தாவும் இணைப்புகள் முளைக்கும். ஆப் பாத்ஸ் தொகுப்பில் ரிசால்வ் என்ற செயற்கூறு இருக்கிறது. ரூட்டின் அமைப்பையும் பாராமீட்டர்களையும் கொடுத்தால் முகவரியைக் கட்டித் தரும், இல்லாத ரூட்டைக் கொடுத்தால் டைப்ஸ்கிரிப்ட் எச்சரிக்கும்.

பக்கத்தின் எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழியையும் குறிப்பிடுங்கள். ஆப்.எச்டிஎம்எல் கோப்பில் லாங் மதிப்பின் இடத்தில் ஓர் அடையாளச் சொல்லை வைத்து, ஹூக்ஸ்.சர்வர்.டிஎஸ்ஸின் ஹேண்டில் செயற்கூறில், டிரான்ஸ்ஃபார்ம் பேஜ் சங்க் மூலம் அதை மாற்றலாம். இது அலங்காரம் இல்லை. பார்வையற்றவரின் திரைவாசிப்பான், இந்த மதிப்பைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது.

சட்டகங்களும் குழுக்களும்

+லேஅவுட்.ஸ்வெல்ட்டில் மெனுவையும் அடிக்குறிப்பையும் எழுதி, நடுவில் சில்ட்ரனை ரெண்டர் செய்யும் வரியைப் போட்டால், கீழுள்ள எல்லாப் பக்கமும் அதற்குள் வந்து அமரும். லேஅவுட்டுக்குள் லேஅவுட்டும் வரலாம்.

நம் தளத்தில் அச்சுப் பக்கத்துக்கு மெனு வேண்டாம், பெரிய எழுத்து மட்டும் போதும். அதற்காக முகவரியை மாற்றக் கூடாது. வளைவு அடைப்புக்குறிக்குள் பெயரிட்ட கோப்புறை முகவரியில் தோன்றாது, சட்டகத்தைப் பிரிக்க மட்டும் உதவும்:

[[லாங்=லாங்]]/(சைட்)/+லேஅவுட்.ஸ்வெல்ட்
[[லாங்=லாங்]]/(சைட்)/ஸ்டேஷன்/[ஸ்லக்]/+பேஜ்.ஸ்வெல்ட்
[[லாங்=லாங்]]/(சைட்)/ஸ்டேஷன்/[கோட்=கோட்]/+பேஜ்.சர்வர்.டிஎஸ்
[[லாங்=லாங்]]/(சைட்)/ஸ்டாப்/[ஐடி=ஸ்டாப்]/+பேஜ்.சர்வர்.டிஎஸ்
[[லாங்=லாங்]]/(பிரின்ட்)/+லேஅவுட்.ஸ்வெல்ட்
[[லாங்=லாங்]]/(பிரின்ட்)/ஸ்டேஷன்/[ஸ்லக்]/பிரின்ட்/+பேஜ்.ஸ்வெல்ட்

நிலையப் பக்கமும் அதன் அச்சுப் பக்கமும் முகவரியில் மேலும் கீழுமாக இருக்கின்றன, சட்டகம் மட்டும் வேறு. இரண்டு குழுக்களில் ஒரே முகவரி வந்துவிட்டால் ஸ்வெல்ட்கிட் பிழை காட்டி நின்றுவிடும்.

சாவி சர்வரில்

பேருந்து எப்போது வரும் என்ற தகவலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையிலிருந்து எடுக்கலாம். அதற்கு ஒரு கணக்குச் சாவி தருவார்கள், ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் அது போக வேண்டும். நிறுத்தப் பக்கத்துக்கு +பேஜ்.டிஎஸ் எழுதினால் அது பிரவுசரிலும் ஓடும், சாவி அங்கே தெரிந்துவிடும். +பேஜ்.சர்வர்.டிஎஸ் எழுதினால் சர்வரிலேயே நின்றுவிடும். சாவியை .என்வ் கோப்பில் வைத்து, என்வ் ஸ்டாட்டிக் பிரைவேட் தொகுப்பிலிருந்து இறக்குமதி செய்யுங்கள். தவறிப்போய் பிரவுசருக்குப் போகும் கோப்பில் அதை இறக்குமதி செய்தால் ஸ்வெல்ட்கிட் பில்டையே (வெளியிடும் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையையே) நிறுத்திவிடும்.

நிலையத் தகவல் அடிக்கடி மாறாதது, ரகசியமும் இல்லை. அதற்கு +பேஜ்.டிஎஸ் போதும்.

பிழைப் பக்கம் எங்கே தோன்றும்

லோட் செயற்கூறில் பிழை எழுந்தால், மேல்நோக்கிப் போய் மிக அருகில் இருக்கும் +எரர்.ஸ்வெல்ட்டை ஸ்வெல்ட்கிட் எடுக்கும். நிலையக் கோப்புறைக்குள் ஒன்று வைத்தால், அந்தப் பெயரில் நிலையம் இல்லை, பட்டியலைப் பாருங்கள் என்று பொருத்தமாகச் சொல்லலாம். ஒரு விதிவிலக்கு: லேஅவுட்டின் லோட் தவறினால் அதன் பக்கத்திலுள்ள பிழைப் பக்கம் வராது, ஒரு படி மேலுள்ளதுதான் வரும். சட்டகமே உருவாகாதபோது அதற்குள் எதையும் காட்ட முடியாது அல்லவா.

எந்தக் கோப்புறையோடும் பொருந்தாத முகவரிக்கு வேர் மட்டத்துப் பிழைப் பக்கம் வரும், மெனுவும் இருக்காது, பாராம்ஸில் மொழியும் இருக்காது. இதைச் சரிசெய்ய சைட் குழுவுக்குள் ஒரு +எரர்.ஸ்வெல்ட்டையும் [...ரெஸ்ட்] என்ற கோப்புறையையும் வையுங்கள். மூன்று புள்ளி, மீதி எத்தனை பகுதி இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், ஆனால் முன்னுரிமையில் எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் +பேஜ்.டிஎஸ்ஸில் 404 பிழையை எழுப்புவது மட்டுமே வேலை. இனி தமிழில் தவறிப்போனவருக்குத் தமிழ் மெனுவுடன், ஆங்கிலத்தில் தவறியவருக்கு ஆங்கில மெனுவுடன் பக்கம் வரும்.

வெளியிடுதல்

நிலையப் பக்கங்களில் பிரீரெண்டர் என்ற மாறியை ட்ரூ என்று எக்ஸ்போர்ட் செய்தால், பில்ட் நேரத்திலேயே எச்டிஎம்எல் கோப்புகளாகிவிடும். முகப்பிலிருந்து இணைப்புகளைத் தொடர்ந்து ஸ்வெல்ட்கிட் பக்கங்களைத் தானே கண்டுபிடிக்கும். வழியில் உடைந்த இணைப்பு ஒன்று கிடைத்தாலும் பில்ட் தோற்கும். அந்தச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள், வாசகர் கண்டுபிடிக்கும் முன் நமக்குத் தெரிவது நல்லது. எங்கிருந்தும் இணைக்கப்படாத பக்கங்களை என்ட்ரீஸ் செயற்கூறில் பட்டியலிட வேண்டும். முழுத் தளத்தையும் நிலைக்கோப்புகளாக்குவதாக இருந்தால், குறியீட்டு முகவரிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். அவற்றுக்கு யாரும் இணைப்புக் கொடுப்பதில்லை. நம் தளத்தில் நேரலைப் பேருந்துத் தகவல் இருப்பதால் சர்வர் எப்படியும் வேண்டும், ஆகவே திருப்பலை சர்வரிடமே விடுகிறேன்.

எல்லாவற்றையும் பிரவுசரிலேயே ஓட்டும் முறையில் வெளியிடுபவர்கள் ஒரு சிக்கலை அடிக்கடி சந்திப்பார்கள்: இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் வருகிறது, புதுப்பித்தால் 404. சொடுக்கும்போது வேலை செய்வது பிரவுசரில் உள்ள ரூட்டர். புதுப்பிக்கும்போது கேள்வி சர்வருக்குப் போகிறது, அங்கே அந்தப் பெயரில் கோப்பு இல்லை. தளத்தை நிலைக்கோப்புகளாக்கும் அடாப்டர் ஸ்டாட்டிக்கில் ஃபால்பேக் (மாற்றுக்கு நிற்கும்) கோப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, தெரியாத முகவரிக்கெல்லாம் அதைக் கொடுக்கும்படி ஹோஸ்டிங்கில் அமைத்தால் தீரும்.

கடைசியாக எழுத்தின் அளவு. மேக்கும் விண்டோஸும் வழக்கமான அமைப்பில், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஸ்டேஷன் கோப்புறையின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்துவிட்டுப் பின்னர் சிறிதாக்கினால், உங்கள் கணினியில் மாறியதுபோல் தெரியும், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி (ஸ்வெல்ட்கிட் அல்ல) அதைக் கவனிக்காமல் பழைய பெயரையே சர்வருக்கு அனுப்பக்கூடும். மாற்றத்தைக் கிட் எம்வி கட்டளை மூலம் செய்யுங்கள். வெளியிட்டதும், உங்கள் கணினியில் இல்லாமல் கைப்பேசியில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நிலையம், ஒரு குறியீடு, பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு நிறுத்தம், வேண்டுமென்றே தவறாக அடித்த ஒரு முகவரி ஆகியவற்றைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள்.